பளபளத்த ராடு

அத்தியாயம் ஆறு

"உள்ள யாரும் வரல, மேடம். வெளிய யாரும் போவல. ஆனா ராடு மட்டும் போயிருக்குது," என்றார் பஞ்சநாதன், தன் வீட்டு பீரோவைக் காட்டி.

"கால் முளைச்சிருக்கும்ணே. காலுக்காக வாங்குனதுதானே," என்றான் முருகையன்.

அமுதவல்லி ஒரு பார்வை பார்த்தார். முருகையன் வாயை மூடிக்கொண்டான். அவன் வாய்க்கு இருந்த ஒரே தாழ்ப்பாள் அந்தப் பார்வைதான். அதுவும் தேய்ந்துபோன தாழ்ப்பாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது.

அமுதவல்லி இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விசாரித்தவர். எரிந்த குடோனைக் காட்டினால், அது தானாக எரிந்ததா, யாராவது எரியச் சொன்னார்களா என்று சாம்பலைக் கிளறாமலே சொல்லிவிடுவார். வேலையை விட்டபின் திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். ஆபீசில் மேஜை ஒன்று, நாற்காலி மூன்று, உதவியாளன் ஒருவன். உதவியாளன்தான் முருகையன். நாற்பது வயது. ஆஸ்பத்திரி வாசனை ஆகாது. மற்ற வாசனை எல்லாம் ஆகும், வறுத்த மீன் உட்பட.

பஞ்சநாதன் மரக்காணம் உப்பளத்தில் பம்ப் மெக்கானிக். மனைவி பாக்கியலட்சுமி அதே உப்பளத்தில் உப்பு வாருகிறவர். சுனாமி வந்துபோன அடுத்த மாதம், கரைந்து கிடந்த வரப்பில் உப்புக் கூடையோடு வழுக்கி விழுந்தார். வலது தொடை எலும்பு இடுப்புக்குப் பக்கத்தில் முறிந்தது. திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் ராடு வைத்தார்கள். ஒன்றரை வருடத்தில் அது ஆட ஆரம்பித்தது. நடந்தால் உள்ளே லொடக்கென்று சத்தம். மூன்று வாரத்துக்கு முன்பு அதை எடுத்துவிட்டு, புண் ஆறட்டும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நாளைக் காலை ஏழு மணிக்குப் புது ராடு வைக்க வேண்டும். இன்று மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வேன் வரும்.

வேனில் பாக்கியலட்சுமி ஏறுவார். ராடு ஏறுமா என்பதுதான் கேள்வி.

அந்த அளவு ராடு மும்பையிலிருந்து வந்தது. இன்னொன்று வரப் பத்து நாள் ஆகும். பத்து நாள் தள்ளினால் தொடைச் சதை சுருங்கிவிடும், அப்புறம் அந்தக் கால் தரையைத் தொடாது என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லியிருந்தார்.

"எப்பப் போச்சு?" என்று கேட்டார் அமுதவல்லி.

"காலையில கடைக்குப் போயிட்டு வந்த அரைமணி நேரத்துல. கதவை வெளியே பூட்டிட்டுத்தான் போனேன். வந்து பாத்தா பீரோ மேல வெச்ச பெட்டி இல்ல."

"கடையில என்ன வாங்குனீங்க?"

"இன்ஜினுக்கு ஒரு சாமான். அதை வுடுங்க மேடம். இது சவரிமுத்து வேலைதான். மொத ராடை ஆபரேஷன் தியேட்டர்ல மாத்துனவன், ரெண்டாவதை வூட்டுக்கே வந்து எடுத்துட்டான். நல்ல ராடா இருந்தா ஏன் ஆடுது? சொல்லுங்க. அதுக்குப் பயந்துதான் இந்த வாட்டி ஆஸ்பத்திரிக்காரன் கையில குடுக்காம நானே கொண்டாந்து வெச்சேன்."

சவரிமுத்து அந்த ஆஸ்பத்திரியில் தியேட்டர் உதவியாளர். பஞ்சநாதன் எழுதிக் கொடுத்த புகாரால் இரண்டு வாரமாக வேலைக்கு வர வேண்டாம் என்று வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள்.

அமுதவல்லி கட்டில் பக்கம் திரும்பினார். பாக்கியலட்சுமி வலப் பக்கமாகச் சரிந்து படுத்திருந்தார். கட்டிலை ஒட்டிச் சுவரில் ஒரு வாரு பலகை சாய்ந்திருந்தது. எட்டடி மூங்கில் கழி, நுனியில் குறுக்காக ஒரு பலகை. பாத்தியில் உப்பை இழுத்துக் கூட்டும் சாமான். படுத்தபடியே ஃபேன் சுவிட்சைப் போடவும் ஜன்னலைத் தள்ளவும் அதைத்தான் வைத்திருந்தார்.

"ஏம்மா, காலையில ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"பூனை வந்த மாதிரி இருந்துச்சுக்கா. கண்ணை மூடிக்கினு இருந்தேன்."

"ராடு தின்ற பூனையா?" என்றான் முருகையன். தாழ்ப்பாள் கழன்றுவிட்டது.

"நீ முக்காலி போட்டு பீரோ மேல பாரு."

முருகையன் ஏறினான். தும்மினான். "மேடம், தீபாவளிக்குத் தீபாவளிதான் தொடைப்பாங்க போல. பெட்டி இருந்த இடத்துல இருந்து விளிம்பு வரைக்கும் தூசியை யாரோ ஒரே இழுவையா வழிச்சு வுட்டிருக்காங்க. அகலமா, நேரா. கைரேகை கிகைரேகை எதுவும் இல்ல."

அமுதவல்லி, "சரி, எறங்கு," என்றார். கைப்பையை ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய பழைய ராடு இருந்தது. முதல் ராடை மாற்றினது யார் என்று விசாரிக்கப் பஞ்சநாதன் முன்பே அவரை அமர்த்தியிருந்தார். ஆஸ்பத்திரி லாக்கரில் கிடந்ததை நேற்றுத்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார். பஞ்சநாதன்கூட இன்னும் அதைப் பார்க்கவில்லை.

"வண்டியை எடு. அனுமந்தை போறோம்."

அனுமந்தையில் சவரிமுத்து வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். பதினோரு வருடம் கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுத்த கை. ஒவ்வொரு நெத்திலியும் பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்த மாதிரி சுத்தமாகக் கிடந்தது.

"என்னைப் புடிச்சுக்கினு போறதா இருந்தா குழம்பு கொதிச்சப்புறம் போலாம்," என்றார் தலை நிமிராமல்.

"நியாயமான கோரிக்கை," என்றான் முருகையன்.

அமுதவல்லி செய்தித்தாளைப் பிரித்து ராடையும் அதன் பில்லையும் அவர் முன்னால் வைத்தார். ஒரு சாண் நீளம். மேலே ஒரு குண்டு, கீழே கூம்பிப் போகும் தண்டு. குண்டும் பளபளத்தது. தண்டும் பளபளத்தது.

சவரிமுத்து கையைக் கழுவி, துடைத்து, அப்புறம்தான் அதைத் தொட்டார்.

"இது நாங்க உள்ள வெச்சதுதான். நம்பரைப் பாருங்க, பில்லுல இருக்கிற அதே நம்பர். பாதி அழிஞ்சிருக்குது, ஆனா அதேதான்."

"அப்போ நீங்க மாத்தல."

"மாத்தலன்னு ரெண்டு வாரமா சொல்றேன். கேக்கிறதுக்குத்தான் ஆளு இல்ல." அவர் எழுந்து உள்ளே போய் இன்னொரு தண்டைக் கொண்டுவந்தார். கம்பெனிக்காரன் எப்போதோ காட்டுவதற்காகக் கொண்டுவந்து விட்டுப் போன சாம்பிள். வீட்டில் காலண்டர் பறக்காமல் இருக்க வைத்திருந்தார். "இதைத் தொட்டுப் பாருங்க."

அமுதவல்லி தடவினார். விரல் வழுக்கவில்லை. பூனை நாக்கைத் தொட்ட மாதிரி பிடித்து இழுத்தது.

"இதுதான் கம்பெனியில வர்ற தோலு. குண்டு வழவழன்னு இருக்கணும், ஏன்னா அது இடுப்புக் கிண்ணத்துக்குள்ள உருளும். தண்டு சொரசொரன்னு இருக்கணும், ஏன்னா அது எலும்புக்குள்ள அப்படியே நிக்கணும். அந்தச் சின்னச் சின்னக் குழியில எலும்பு வளந்து உள்ள பூந்து புடிச்சுக்கும். தண்டு வழவழன்னு இருந்தா எலும்பு கிட்ட வராதுங்க. நடுவுல ஜவ்வு மாதிரி ஒண்ணு வந்து உக்காந்துக்கும். மொத மாசம் ஒண்ணும் தெரியாது. ஆறு மாசம் தெரியாது. நடக்க நடக்கத்தான் ஆட்டம் காட்டும்."

"அப்போ இது எப்படி இந்தக் கோலத்துல வந்துச்சு?"

"வர்றப்பவே இப்படித்தான் வந்துச்சு. பெட்டியில போட்டு அவங்க வூட்டாளுங்கதான் கொண்டாந்து குடுத்தாங்க. ஒரே கிருஷ்ணாயில் வாடை. மூணு தண்ணி கழுவி ஆவியில வேக வெச்சேன். நானும் புது மாடலு போல, வெளிநாட்டுச் சாமான்னு நெனச்சிட்டேன். நர்சம்மாகூட அதுல முகம் பாத்து பொட்டு சரி பண்ணிக்கினாங்க." அவர் குரல் இறங்கியது. "பில்லை எடுத்துப் பாத்திருக்கணும். தொட்டுப் பாத்திருக்கணும். பளபளப்பைப் பாத்து நானும் ஏமாந்தேன். அந்தத் தப்பு என்னுதுதான். ஆனா திருட்டு என்னுது இல்ல."

அமுதவல்லி ராடை வெயிலில் பிடித்தார். பளபளப்புக்குள் மெல்லிய கோடுகள். எல்லாம் குறுக்காக ஓடின, சலூன்காரர் தோல் வாரில் கத்தி தீட்டினது போல.

"மேடம், கிருஷ்ணாயில், குறுக்குக் கோடு," என்றான் முருகையன். "குற்றவாளி ரேஷன் கடையில முடி வெட்டறவன்."

"இல்ல. குற்றவாளி ரொம்பப் பொறுப்பான ஆளு," என்றார் அமுதவல்லி. "அதான் பயமா இருக்கு. வண்டியை எடு, மணி ரெண்டாகப் போகுது."

முருகையன் நெத்திலியைப் பார்த்தான். வண்டியை எடுத்தான்.

உப்பளத்தில் ஆடி மாதத்து வெயில் மேலிருந்து ஒரு தடவையும் தரையிலிருந்து ஒரு தடவையும் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரப்பில் நடந்துபோனால் இன்ஜின் கொட்டகை. கவலை வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். பஞ்சநாதன் கொட்டகைக்கு வருவார். பம்ப்பைக் கழற்றிப் போட்டு, உள்ளே சுழலும் ஷாஃப்ட்டை மரக்கட்டையில் முட்டுக்கொடுத்து, இரும்பு தேய்க்கும் எமரி ஷீட்டை நாடா மாதிரிக் கிழித்து அதன்மேல் போட்டு, இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்து மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தகரக் குவளையில் கிருஷ்ணாயில்.

"புடிச்சிட்டீங்களா மேடம் அவனை?"

"கிட்ட வந்துட்டோம். நீங்க வேலையைப் பாருங்க. இது எதுக்கு இவ்வளவு தேய்க்கிறீங்க?"

பஞ்சநாதனுக்கு முகம் மலர்ந்தது. இந்த ஊரில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

"உப்புத்தண்ணி பம்ப்பு மேடம். காத்துலயே உப்பு. ஷாஃப்ட்டு கொஞ்சம் சொரசொரன்னாப் போச்சு, அதுல உப்பு புடிக்கும், துரு புடிக்கும், சுத்தி இருக்கிற புஷ்ஷத் தின்னுடும். இருபது வருஷமா ஒரே பாடம்தான். உள்ள போற சாமான் எதுவா இருந்தாலும் வழவழன்னு இருக்கணும்."

அமுதவல்லி கைப்பையைத் திறந்து பழைய ராடை எடுத்து, அந்த ஷாஃப்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே மாதிரி பளபளப்பு. ஒரே மாதிரி குறுக்குக் கோடு.

"இது யாரோட வேலைன்னு தெரியுதா?"

பஞ்சநாதன் குனிந்து பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஒரு கைவேலைக்காரன் தன் வேலையைப் பார்த்ததும் வருகிற சிரிப்பு வந்தது.

"இது நம்ம ராடு மேடம். நான் போட்ட பாலிஷு. மூணு நாள் தேச்சேன், லேசான இரும்பு இல்ல அது, எமரி ஷீட்டே பத்து தின்னுச்சு. கடைக்காரன் குடுத்தப்ப மொரமொரன்னு துரு தின்ன மாதிரி இருந்துச்சு. பழைய சாமானைத் தலையில கட்டிட்டான்னு..." 

அவர் நிறுத்தினார். சிரிப்பு முகத்திலேயே நின்றது, எடுத்துவைக்க இடம் தெரியாமல்.

"அப்போ இதை அவன் மாத்தலயா?"

"மாத்தல."

"பின்ன ஏன் ஆடுச்சு?"

"ஷாஃப்ட்டு சுத்தணும் பஞ்சநாதன். அதுக்கு வழவழப்பு வேணும். இது சுத்தக் கூடாது, அசையவே கூடாது. எலும்பு புடிச்சுக்கத்தான் கம்பெனியில சொரசொரன்னு செஞ்சு அனுப்புறான். நீங்க அந்தப் புடியைத் தேச்சு எடுத்துட்டீங்க."

பஞ்சநாதன் கிருஷ்ணாயில் குவளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம்," என்றான் முருகையன் மெதுவாக, "நம்மளைக் கூப்பிட்டு, நமக்கு மோர் குடுத்து, வண்டிக்குப் பெட்ரோலும் போட்டுத் தன்னையே புடிக்கச் சொன்ன மொத ஆளு இவருதான்."

"சும்மா இரு. பஞ்சநாதன், காலையில கடையில வாங்குன இன்ஜின் சாமான் என்ன?"

பஞ்சநாதன் கொட்டகை மூலையைக் காட்டினார். பிரிக்காத எமரி ஷீட் ஒரு கட்டு. பத்துக்கு மேல் இருக்கும்.

"புதுசையும் தேய்க்கலாம்னு," என்றார் அமுதவல்லி.

"இன்னிக்கே ஆரம்பிச்சா வேன் வர்றதுக்குள்ள பாதியாவது ஆகும்னு. மீதியை ஆஸ்பத்திரியில உக்காந்து..." அவர் முகத்தைக் கையால் மூடினார். கையிலிருந்த கறுப்பெல்லாம் முகத்துக்கு வந்தது. "அந்த சவரிமுத்து வேலையைப் புடுங்குனேனே. சரி, அவன் எடுக்கலன்னா புது ராடு எங்க மேடம்? நாலு மணிக்கு வேன் வந்துரும்."

"யாரு எடுத்தாங்களோ அவங்க நல்லவங்க," என்றான் முருகையன். "திருடன் கையில இருந்தாத்தான் அது பத்திரம்."

"அதைத்தான் நானும் காலையில இருந்து யோசிக்கிறேன்," என்றார் அமுதவல்லி. "வீட்டுக்குப் போகலாம், வாங்க."

பாக்கியலட்சுமி இன்னும் வலப் பக்கமாகவே சரிந்து படுத்திருந்தார். கறுத்த முகத்தோடு வந்து நின்ற புருஷனைப் பார்த்தார். அமுதவல்லி கையிலிருந்த பழைய ராடைப் பார்த்தார்.

அமுதவல்லி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம்மா. வலிக்கிறது வலப் பக்கம். மூணு வாரமா எலும்புக்குள்ள ஒண்ணுமே இல்ல. யாராவது வலிக்கிற பக்கமாச் சாஞ்சு படுப்பாங்களா? இடப் பக்கம் மெத்தைக்கு அடியில என்ன உறுத்துது?"

பாக்கியலட்சுமி சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

"பீரோ மேல தூசியில ஒரு இழுவை," என்றார் அமுதவல்லி. "அகலமா, நேரா. பாத்தியில வாரு பலகை போட்டு இழுத்த மாதிரி. இருபது வருஷமா உப்பு வார்ற கை. படுத்துக்கினே இழுத்தாலும் கோடு கோணாது."

முருகையன் வாரு பலகையைப் பார்த்தான், பீரோவைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான். "பெட்டி உங்க மேலயே விழுந்திருந்தா?"

"தலகாணியில வாங்குனேன்," என்றார் பாக்கியலட்சுமி. இடது கையை மெத்தைக்கு அடியில் விட்டுப் பெட்டியை இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். சீல் பிரிக்கவில்லை.

பஞ்சநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நீயா? நான் காலையில இருந்து ஊரெல்லாம்..."

"எமரி ஷீட்டு வாங்கியாறேன்னு சொல்லிட்டுத்தானே போன. அரைமணி நேரம் இருந்துச்சு எனக்கு."

"உனக்கு எப்படித் தெரியும், அது தேய்க்கக் கூடாதுன்னு?"

"இன்னா கேள்வி இது? சீசன் ஆரம்பத்துல பாத்தியை எதுக்கு மிதிக்கிறோம்? பொம்பளைங்க வரிசையா நின்னு ஒரு வாரம் மிதி மிதின்னு மிதிச்சு வழவழன்னு ஆக்குறோமே, எதுக்கு? உப்பு தரையைப் புடிக்கக் கூடாதுன்னு. மிதிக்காத பாத்தியில உப்பு வெளைஞ்சா மண்ணுல கடிச்சுக்கினு உக்காந்துக்கும், பலகை ஒடைஞ்சாலும் வராது. போன மாசம் டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி எலும்பு ராடைப் புடிக்கவே இல்லம்மான்னு சொன்னாரு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீதான் பாத்தி மாதிரி அதையும் மிதிச்சு வுட்டிருக்கன்னு."

"சொல்லியிருக்கலாமில்ல."

"எப்படிச் சொல்றது? அதுக்குள்ள நீ அந்த ஆளை மாத்தி வெச்ச திருடன்னு ஊரெல்லாம் சொல்லிட்ட. எழுதியும் குடுத்துட்ட. இப்ப நான் எங்க வூட்டுக்காரருதான்னு சொன்னா ஊரு உன்னைப் பாத்துச் சிரிக்கும். வேன்ல ஏறுனப்புறம் டாக்டர் கையில குடுத்துட்டு அவருகிட்ட மட்டும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ துப்பறியறவங்களைக் கூட்டியாந்து நிறுத்திட்ட."

"அண்ணே," என்றான் முருகையன், "நீங்க கூட்டியாந்த துப்புக்காரங்க ரெண்டு திருடனைப் புடிச்சிட்டோம். ரெண்டும் ஒரே ரேஷன் கார்டு."

யாரும் சிரிக்கவில்லை. பாக்கியலட்சுமிக்கு மட்டும் உதடு ஒரு பக்கம் அசைந்தது. அதற்கே இடுப்பு வலித்து முகம் சுளித்தார்.

"போ," என்றார் புருஷனிடம். "அனுமந்தைக்குப் போ. அந்த ஆளு வந்தாத்தான் நான் வேன்ல ஏறுவேன். அவரு கையாலதான் இது உள்ள போவணும்."

பஞ்சநாதன் முகத்தைக்கூடத் துடைக்காமல் முருகையன் வண்டியில் ஏறினார். அனுமந்தை வாசலில் என்ன பேசினார் என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது. பேசியதைவிட நின்றதுதான் அதிகம் என்று முருகையன் சொன்னான். சவரிமுத்து குழம்பை இறக்கி வைத்து, சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். புகாரை வாபஸ் வாங்கும் காகிதத்தை வண்டி சீட்டின்மேல் வைத்து எழுதினார்கள். அதில் கையெழுத்தைவிட கிரீஸ்தான் தெளிவாக இருந்தது.

வேன் நாலரைக்கு வந்தது. பாக்கியலட்சுமியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். பெட்டி வயிற்றின்மேல், இரண்டு கையும் அதன்மேல். சவரிமுத்து சீலைத் திருப்பிப் பார்த்து, பில்லை எடுத்து, நம்பரை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். பெட்டி மூடியில் இருந்த கண்ணாடிக் காகிதம் வழியாகப் பார்த்தால் உள்ளே ராடு மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. எந்த முகமும் அதில் தெரியாது.

பஞ்சநாதன் வேன் கதவைப் பிடித்தபடி நின்றார். ஏறலாமா என்று கேட்கவும் இல்லை, விலகவும் இல்லை.

"துருன்னு நெனச்சுத் தேச்சது ஒண்ணு," என்றார் கடைசியில். யாரிடமும் இல்லாத மாதிரி, தரையைப் பார்த்து. "அது மட்டும் இல்ல. அன்னிக்குக் கையால தடவிப் பாத்தேன். தோலைக் கிழிக்கிற மாதிரி இருந்துச்சு. இது போயி அவ உள்ள இருந்து ராவும் பகலும் அறுக்குமேன்னுதான்..."

அமுதவல்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாக்கியலட்சுமி புருஷன் பக்கம் திரும்பினார். பிறகு ஒரு கையைப் பெட்டியிலிருந்து எடுத்து, பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"அறுத்தா நான் சொல்றேன். நீ கையைக் கட்டிக்கினு உக்காரு."